சினாட் கமிட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா?

கேள்வி: வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் சேகரக் கமிட்டியில் (சேகரம் என்பது ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகள்) இரண்டு தவணை பொருளாளராக இருந்திருக்கிறேன். இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) உச்ச மன்றமான சினாட்டின் கமிட்டி ஒன்றுக்கு என் பெயரை அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். சம்பளம் கிடையாது என்பது தெரியும். அங்கே உண்மையில் என்ன வேலை, எவ்வளவு நாள் போகும், எங்கே மாட்டிக்கொள்ள நேரும்?

பதில்:

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சேகரக் கமிட்டியில் பழகிய கையோடு அங்கே போனால் முதல் வருடமே அலுத்துவிடும். சேகரத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடி ஆலயத்துக்கு வெள்ளையடிக்க முடிவு செய்தால், புதன்கிழமை சாரம் கட்டிவிடுவார்கள். சினாட் கமிட்டியில் அந்த வேகம் இல்லை. பெரும்பாலான சினாட் கமிட்டிகள் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். அந்தச் சிபாரிசு சினாட் செயற்குழுவுக்கு ஏறி, சுற்றறிக்கையாகி, 24 திருமண்டல (பேராயர் ஒருவரின் கீழ் வரும் பகுதி) அலுவலகங்களுக்கு இறங்கி, பேராயர் மேசை, திருமண்டலச் செயற்குழு, சேகரத் தலைவர் என்று கைமாறி, கடைசியில் ஏதோ ஒரு சிற்றூர் சபையைக் கவனிக்கும் ஊழியரான உபதேசியார் கையில் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு கையிலும் ஒரு மாதம் தங்கினாலே அரை வருடம் போய்விடும். ஆகவே அங்கே உங்களுக்கு வேலை இரண்டு: வழியில் தேய்ந்துபோகாதபடி சிபாரிசை எழுதுவது, எழுதியது எந்த மேசையில் நிற்கிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. இந்த இரண்டும் செய்யப் பொறுமை இருந்தால் போங்கள். மேடையில் நாற்காலி, ஆண்டறிக்கையில் பெயர் என்ற எண்ணம் இருந்தால் திருமண்டல அளவிலேயே அது போதுமான அளவு கிடைக்கும்.

கமிட்டி என்றாலே காலம் கடத்தும் இடம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தத் திருச்சபையே ஒரு கமிட்டி பெற்ற பிள்ளை. 1919 மே மாதம் பிரிந்து கிடந்த சபைகளை இணைப்பது பற்றிப் பேச தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லாரும் இந்தியர்கள். அங்கிருந்து கிளம்பிய கூட்டுக் கமிட்டி இணைப்புத் திட்டத்தை 1929-இல் முதலில் அச்சிட்டது. பிறகு திருத்தித் திருத்தி மறுபதிப்புகள் வந்தன. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்று தரப்பும் ஒவ்வொரு வரிக்கும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இணைப்பு நடந்தபோது 28 வருடம் கழிந்திருந்தது. இந்த முயற்சிக்கு முன்னோடியாக நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்னக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் 1945 ஜனவரி 1-ஆம் தேதியே காலமாகிவிட்டார். கமிட்டி வேலையில் விதைக்கிறவன் அறுப்பதில்லை என்பது இங்கே வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை.

அந்தத் தலைமுறையின் வழிபாட்டுக் கமிட்டியைத்தான் நான் எப்போதும் மாதிரியாகச் சொல்வேன். நற்கருணை ஆராதனைக்கு ஒரு புதிய முறைமையை அவர்கள் தயாரித்தார்கள். 1950 ஜனவரியில் மதுரையில் கூடிய சினாட்டில் அதை முதலில் பயன்படுத்திப் பார்த்தார்கள். எந்தச் சபைமேலும் திணிக்கவில்லை. விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். வந்த கருத்துகளை வைத்து 1954-இல் திருத்தினார்கள். 1963-இல்தான் பொது ஆராதனைப் புத்தகமாக முழுமை பெற்றது. இன்றைக்கு நற்கருணையில் குருவானவரிடமிருந்து புறப்பட்டுக் கைக்குக் கை சமாதானம் கொடுத்துக்கொள்கிறோமே, அது கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து அந்தக் கமிட்டி எடுத்து வைத்தது. எழுதுதல், ஓரிடத்தில் நடத்திப் பார்த்தல், எதிர்ப்பைக் கேட்டுத் திருத்துதல், பிறகு பரப்புதல் என்ற அந்த வரிசையில் நடுவில் உள்ள இரண்டையும் தாண்டிக் குதிக்கும் கமிட்டிகளின் சுற்றறிக்கைகள்தான் சேகர அலுவலக அலமாரிகளில் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன.

பெயர் எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம். சினாட்டுக்குப் பேராயர்கள் பதவி வழியாகப் போகிறார்கள். குருமாரும் சபையாரும் திருமண்டலப் பெருமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போகிறார்கள். கமிட்டிகளில் இந்தப் பிரதிநிதிகளும் இருப்பார்கள், துறை அறிவுக்காகச் சேர்க்கப்பட்டவர்களும் இருப்பார்கள். நீங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் வருவீர்கள். ஒரு பக்கத்துக்குள் தன்விவரம் கொடுங்கள். அதில் ‘திருச்சபைப் பணிகளில் மிகுந்த ஆர்வம் உடையவர்’ என்ற வரியால் யாருக்கும் உபயோகமில்லை. கடன் பிரிவில் இத்தனை வருடம், கிளைத் தணிக்கையில் இத்தனை வருடம், கணினியில் கணக்கு எழுதத் தெரியும், தெலுங்கு பேசத் தெரியும் என்று எழுதுங்கள். தெலுங்கோ கன்னடமோ தெரிந்திருந்தால் அதை முதல் வரியிலேயே போடலாம். சங்கக் காணிக்கை (சபைச் சந்தா) பாக்கி இல்லை, நற்கருணை பெறும் அங்கத்தினர் என்று சேகரத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். பின்னால் யாராவது தகுதியைக் கிளறும்போது அந்த ஒரு தாள் போதும்.

நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார், எந்தக் கூட்டத்தின் எத்தனையாவது தீர்மானப்படி நியமனம் என்ற இரண்டையும் பாருங்கள். சினாட் தேர்தல், அமைப்புச் சட்டத் திருத்தம் ஆகியவை பற்றிய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்திருக்கின்றன. நியமித்தவரின் அதிகாரமே வழக்கில் இருந்தால் நீங்கள் உட்கார்ந்து போட்ட தீர்மானமும் அதனோடு சேர்ந்து ஆடும். கடிதத்தில் தீர்மான எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். வங்கியில் அதிகாரப் பத்திரம் பார்க்காமல் காசோலை பாஸ் செய்வீர்களா?

சம்மதம் சொல்லுமுன் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் சில. கமிட்டியின் பணி வரம்பு எழுத்தில் இருக்கிறதா? தவணை எத்தனை வருடம்? கடைசி மூன்று கூட்டக் குறிப்புகள் கிடைக்குமா? பட்ஜெட்டில் இந்தக் கமிட்டிக்கென்று தனித் தலைப்பு உண்டா, அதில் போன வருடம் எவ்வளவு செலவானது? இவற்றில் மூன்று கூட்டக் குறிப்புகள்தான் உண்மை பேசும். ஒரே பொருள் மூன்றிலும் அதே வாசகத்தோடு வந்தால், கூட்டுநர் குறிப்பை எழுதிவிட்டு அடுத்த கூட்டம் வரைக்கும் திறப்பதில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டே போகலாம், தப்பில்லை. சரிசெய்யத்தானே போகிறீர்கள்.

இன்னொன்றையும் தனியாகக் கேளுங்கள்: இந்த இடம் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷனில் எனக்கு ஏதாவது பொறுப்பைக் கொண்டுவருமா? திருச்சபையின் சொத்துகள் இருப்பது அந்த அமைப்பின் பெயரில். 1947-இல் கம்பெனிச் சட்டப்படி, லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவான அமைப்பு அது. வழிபாடு, ஞாயிறு பள்ளி, சுற்றுச்சூழல், பெண்கள் ஐக்கியம் போன்ற கமிட்டிகளின் சாதாரண உறுப்பினருக்கு இந்தக் கவலை பொதுவாக இல்லை. நிர்வாகக் குழுவுக்குள் போகிறவர்களுக்கு உண்டு. டைரக்டர் ஆனால் டைரக்டர் அடையாள எண் வாங்க வேண்டும், கே.ஒய்.சி. கொடுக்க வேண்டும். கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டுக்கு நிதி அறிக்கையோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாமல் விட்டால் டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். கௌரவப் பதவி, சம்பளம் வாங்கவில்லை என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

நேரக் கணக்கு. வருடத்துக்கு இரண்டு கூட்டம், கூட்டம் ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சினாட் அலுவலகம் சென்னை ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில். நாசரேத்திலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வர ஓர் இரவு, திரும்ப ஓர் இரவு. ஒரு கூட்டம் மூன்று நாளைத் தின்றுவிடும். கூட்டத்துக்கு முன் காகிதங்கள் வாசிக்க இரண்டு நாள். இரண்டு கூட்டத்துக்குமாகப் பத்து நாள் ஆயிற்று. குறிப்பு சரிபார்க்க, கடிதம் எழுத, திருமண்டல அலுவலகத்துக்குப் போன் போட மாதம் 4 மணி நேரம் என்றால் வருடத்துக்கு ஆறு வேலைநாள். ஆக 16 நாள். உபகமிட்டியில் போட்டுவிட்டால் (கணக்குத் தெரிந்தவரை நிச்சயம் போடுவார்கள்) இன்னும் கூடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. கூட்டத் தேதி அதற்குமுன் தெரியாவிட்டால் தத்கலில் ஓட வேண்டியிருக்கும், தூரத்துத் திருமண்டலத்துக்காரர்கள் வராமல் போவார்கள், கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் போகும். அடுத்த கூட்டத் தேதியை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யச் சொல்வதுதான் ஒரு புது உறுப்பினர் முதல் நாளே செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.

கூட்டம் ஜெபம், வேதபாடம், வருகைப் பதிவு, முந்தைய குறிப்பு உறுதி செய்தல் என்று நகரும். குறிப்பு உறுதி செய்தலைப் பலர் டீ வருகிற நேரம் என்று நினைக்கிறார்கள். அதற்கு அடுத்து வரும் ‘குறிப்பிலிருந்து எழும் பொருள்கள்’தான் முழுக் கூட்டத்திலும் முக்கியமான இடம். கையில் ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். தீர்மான எண், பொறுப்பாளி, கெடு, இப்போதைய நிலை என்று நான்கு கட்டம். போன தடவை எடுத்த ஒவ்வொரு முடிவும் ஒரு வரி. அதை வைத்து அமைதியாக வரிசையாகக் கேட்டால் போதும், சத்தம் போடத் தேவையில்லை. மூன்றாவது கூட்டத்தில் மற்றவர்கள் தங்கள் பெயருக்கு எதிரே உள்ள வேலையை முடித்துவிட்டு வருவார்கள், நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவே.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பது நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி: ‘தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்’. பெரிய செலவுகள், சொத்துக் குத்தகை, ஆள் நியமனம் இவையெல்லாம் சாயங்காலம் நான்கு மணிக்கு, பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு, இந்த வரி வழியாக உள்ளே வரும். எல்லா நேரமும் கெட்ட எண்ணத்தோடு என்று சொல்லமாட்டேன். பல தடவை சோம்பல்தான். நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. திரும்பும் டிக்கெட்டை அன்றிரவின் கடைசி ரயிலில் போடுங்கள். பண விஷயம் முன்கூட்டிக் காகிதம் இல்லாமல் வந்தால், ‘அடுத்த கூட்டத்தில் குறிப்போடு எடுத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லுங்கள். அப்படியும் நிறைவேற்றினால் ‘என் மறுப்பைக் குறிப்பில் பெயரோடு பதிவு செய்யுங்கள்’ என்று கேளுங்கள். குறிப்பு வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஏகமனதாக’ என்ற சொல் பழக்கத்தில் தானாகவே டைப் ஆகிவிடும்.

மொழி ஒரு தடைதான், ஆனால் தாண்டக்கூடியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் சேரும் இடத்தில் ஆங்கிலத்தில்தான் நடக்கும். யாழ்ப்பாணத் திருமண்டலமும் நம்மோடு இருக்கிறது. அவர்களுக்குக் கடல், விசா, வேறு நாட்டுச் சட்டம் என்று தனிக் கணக்கு. ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறவர்கள் சொல்வதுதான் முடிவு என்று ஆகிவிடக் கூடாது. தமிழில் பேசுங்கள், பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்கட்டும். ஆனால் நீங்கள் கொண்டுவரும் தீர்மானத்தை மட்டும் மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். பேச்சு காற்றோடு போகும். செயலர் குறிப்பு எழுதும்போது மேசையில் இருக்கும் தாளைத்தான் பார்த்து எழுதுவார்.

தீர்மானம் எழுதுவதற்கு வருவோம். சபைக் கமிட்டிகளின் தீராத நோய் ‘ஆவன செய்தல்’. இப்படி இருக்கும்: “ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பதன் அவசியம் உணரப்பட்டு, இதற்கு ஆவன செய்யும்படி எல்லாத் திருமண்டலங்களும் கேட்டுக்கொள்ளப்படுகின்றன.” இதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். செய்யவும் மாட்டார்கள். யார், எப்போது, எவ்வளவு, எந்தத் தலைப்பிலிருந்து என்ற நான்கும் இல்லாத வாக்கியத்துக்கு யாரும் பொறுப்பாளி இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: “ஒவ்வொரு திருமண்டலமும் பயிற்சியாளர் இருவரை, அவர்களில் ஒருவராவது பெண்ணாக, ஜூலை 31-க்குள் பெயரிட்டு அனுப்பும். இந்த 48 பேருக்கும் இரண்டு நாள் பயிற்சியை இக்கமிட்டி ஆகஸ்டில் நடத்தும். உணவு, தங்கல் செலவு கமிட்டியின் பயிற்சித் தலைப்பிலிருந்து. பயணச் செலவு அந்தந்தத் திருமண்டலத்தைச் சேர்ந்தது. இவர்கள் டிசம்பருக்குள் தங்கள் திருமண்டலத்தில் குறைந்தது இரண்டு வட்டாரப் பயிற்சிகள் நடத்தி, ஜனவரி 15-க்குள் கூட்டுநருக்கு வருகைப் பட்டியல் அனுப்புவார்கள்.” ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் என்றால் 48 பேருக்கு இரண்டு நாளில் 67,200 ரூபாய். இந்தத் தொகையையும் தீர்மானத்தோடு இணைத்துவிடுங்கள். செயற்குழு இதை நிராகரிக்கலாம், குறைக்கலாம். ஆனால் ‘நன்றி, குறித்துக்கொண்டோம்’ என்று தள்ளிவைப்பது கடினம், ஏனென்றால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டிய எண் அதில் இருக்கிறது.

எழுதும்போதே கீழே வாசிக்கப்போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேகரத் தலைவருக்கு எட்டுப் பத்துச் சபைகள் இருக்கலாம். நான்கு பக்க ஆங்கிலச் சுற்றறிக்கையை அவர் மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும், ஆராதனை அறிவிப்பில் அப்படியே வாசிக்கக்கூடிய ஐந்து வரியும் சேர்த்து அனுப்பினால் அது சபையின் காதில் விழும். இந்த ஐந்து வரியை எழுதுவதுதான் கமிட்டி வேலையில் மிகக் கஷ்டமானது என்பது என் எண்ணம். பெரிய இறையியல் வாக்கியம் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள்; இதை எழுதுகிறவர் கிடைப்பது அரிது.

காலமும் பார்க்க வேண்டும். டிசம்பரில் அனுப்பியது கிறிஸ்துமஸ் கீத பவனியில் மறைந்துபோகும். தவக்காலமான லெந்து நாற்பது நாளில் குருமாருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஏப்ரல் மே வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), கல்யாணங்கள். ஸ்தோத்திரப் பண்டிகையும் அசனமும் (சபையின் பொது விருந்து) நடக்கும் வாரத்தில் அந்தச் சேகரத்தில் வேறு எதுவும் நகராது. திருமண்டலத் தேர்தல் வருடம் என்றால் பேனல் (தேர்தல் அணி) பட்டியலைத் தவிர எந்தக் காகிதத்தையும் யாரும் வாசிப்பதில்லை. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். திருச்சபை உருவான நாளான செப்டம்பர் 27-ஐ ஒட்டி ஒன்றைத் தொடங்கினால், ஆராதனையிலேயே அதற்கு இடம் கிடைக்கும். ஒரு ஞாயிற்றையே உங்கள் பொருளுக்கு ஒதுக்க வேண்டுமானால் அல்மனாக் (சபை ஆண்டு நாட்காட்டி) அச்சுக்குப் போவதற்கு முன் கேட்க வேண்டும். அச்சான பிறகு கேட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருங்கள்.

பணம். உங்கள் பழைய தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சினாட் கமிட்டிகள் பல காலம் வெளிநாட்டுப் பங்காளிச் சபைகளின் பணத்தில் நடந்தன. அந்தப் பழக்கத்தில் இன்னும் திட்டம் போடுகிறார்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் திருத்தப்பட்டபின் நிலைமை வேறு. வெளிநாட்டு நன்கொடையைப் பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. சினாட் பதிவில் வந்த பணத்தைத் தனிப் பதிவு வைத்திருக்கும் ஒரு திருமண்டலத்துக்கு ‘பயிற்சி நடத்த’ என்று அனுப்பினால் அது மீறல். பயிற்சியைச் சினாட்டே நடத்தி, மண்டப வாடகை, சாப்பாட்டு பில் எல்லாம் சினாட் பெயரிலேயே வாங்க வேண்டும். நல்ல மனதோடு திருமண்டலப் பெயரில் பில் வாங்கிவிட்டு, பிறகு கணக்கைச் சேர்க்க முடியாமல் தவிப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. கூட்டத்துக்குப் போய்வரும் செலவு எந்தப் பக்கம் விழுகிறது என்று ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். பணம் முதலில் வந்து இறங்க வேண்டியது புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில். ஆண்டறிக்கைப் படிவம் எஃப்.சி. 4, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள்.

ஒரு நுணுக்கம் அடிக்கடி தவறுகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், விடுமுறைக்கு வந்து ரூபாயிலேயே கொடுத்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். ‘நம்ம ஊர்ப் பையன்தானே’ என்று ரசீது போடுவதற்கு முன் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்க வேண்டும்.

உள்ளூர்ப் பணத்திலும் ஒழுங்கு வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதை அறப்பணிச் செலவாகக் காட்ட முடியாது. 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். உங்கள் பயணப்படிக்கு, போன டிக்கெட்டின் நகலைக் கொடுத்து, போன தொகையை மட்டும் வாங்குங்கள். எல்லாருக்கும் சமமாக ஒரு ரவுண்டுத் தொகை எழுதிய வவுச்சரை நீட்டுவார்கள், வசதிக்காக. ஸ்லீப்பரில் வந்தவர் மூன்றாம் ஏசி பணம் வாங்கிக் கையெழுத்திட்டால் தணிக்கையில் அது அவர் பெயரில்தான் நிற்கும். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வேண்டாம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புகார்கள் வரும். எந்தக் கமிட்டியில் இருந்தாலும், ‘நீங்கள் சினாட் ஆள்தானே’ என்று உங்களிடம் வருவார்கள். குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் கமிட்டி, விசாரணை, பேராயருக்குக் கடிதம் என்று எதற்கும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. ‘சபையின் பெயர் கெடும், உள்ளே பேசி முடிப்போம்’ என்று சொல்கிறவர் உங்களையும் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் என்றால் 2013 சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்; விசாரணை 90 நாளுக்குள். பெண்கள் ஐக்கியத் தலைவியையும் இரண்டு மூத்த குருமாரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவது இந்தக் குழுவுக்கு ஈடாகாது. புகார்தாரர் பெயரை வாட்சப் குழுவில் போடுவதும் சட்டப்படி குற்றம். பொதுவாகவே உறுதி செய்யப்படாத குறிப்பை வாட்சப்பில் சுற்றவிடும் வழக்கத்தை நீங்கள் தொடர வேண்டாம். வரைவு ஒன்று, உறுதியானது ஒன்று என்று இரண்டு வாசகம் ஊரில் உலவினால் வக்கீல்களுக்குத்தான் கொண்டாட்டம்.

புகாரைவிட அதிகம் வருவது சிபாரிசுக் கோரிக்கை. பள்ளியில் போஸ்டிங், மருத்துவக் கல்லூரிக்கு சபை ஸ்பான்சர்ஷிப், குருவானவருக்கு இடமாற்றம். உங்கள் கமிட்டிக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம் தம்பி’ என்று மரியாதைக்குச் சொன்னால் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டு போவார்கள். சொந்தக்காரர் கான்ட்ராக்டர், மருமகள் அந்தப் பள்ளியில் ஆசிரியை என்று உங்கள் சம்பந்தம் ஏதாவது இருக்கும் பொருள் வந்தால், விவாதம் தொடங்குமுன் சொல்லி, எழுந்து வெளியே போய், ‘இன்னார் இந்தப் பொருளில் பங்கெடுக்கவில்லை’ என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். உள்ளேயே உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தேன் என்பது யாரையும் நம்பவைக்காது.

திருமண்டலத்தில் நீங்கள் எந்தப் பேனலோடு நின்றீர்கள் என்பது உங்களுக்கு முன்பே சென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு கூட்டத்தில் எதிர்ப் பேனல்காரர் கொண்டுவரும் நல்ல தீர்மானம் ஒன்றை மனதார வழிமொழியுங்கள். பிறகு உங்கள் தாளில் உள்ள கேள்விகளை யாரும் கட்சியாகப் பார்க்கமாட்டார்கள்.

தவணை முடிந்தாலோ முடியாமல் விலகினாலோ, விலகல் கடிதத்தில் தேதி போட்டு, கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். அந்த நான்கு கட்டத் தாளையும், திருமண்டல வாரியாக யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்ற பட்டியலையும் அடுத்து வருபவரிடம் கொடுங்கள். அலுவலகக் கோப்பில் அந்தப் பட்டியல் இருக்காது. டைரக்டராக இருந்திருந்தால் கம்பெனி 30 நாளுக்குள் டி.ஐ.ஆர். 12 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் உங்கள் பெயர் நீங்கியிருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தாமதித்தால் டி.ஐ.ஆர். 11 என்ற படிவத்தை நீங்களே தாக்கல் செய்ய வழி இருக்கிறது.